பேரழிவுக்கு நெருங்கிய உறவினர்

என் மனைவியின் முழங்கால்கள் இரண்டையும் மாற்றினார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் மருத்துவர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, புதிய முழங்கால்கள் முதல் தரமானவை, ஆனால் படி இறங்கக் கூடாது, குந்தி உட்காரவே கூடாது என்றார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். உள்ளே கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி போகவில்லை.

"நாற்காலி மாதிரி உக்காரற கக்கூஸ் வீட்டோட கட்டினா வீட்டுக்கு வரேன். இல்லேன்னா தங்கச்சி வீட்டுக்குப் போறேன். பதினாலு நாள் டைம்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல வாயில்லை. நான் தையல்காரன். முன்னறையில் கடை, பின்னறையில் குடித்தனம். கழிப்பறை தெருக்கோடியில், தெருவுக்கே பொது. இருபத்தாறு படி இறங்க வேண்டும். இறங்கினால் வரிசை. முப்பது வருடமாக அவள் கையில் வாளியோடு அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். தங்கை வீடு ஒரு நாள் பயணம். போனால் ஆறு மாதம் வரமாட்டாள். அவள் இல்லாத வீட்டில் நான்கு நாள் இருந்ததிலேயே நான் ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்திருந்தேன்.

அவளுடைய தம்பி கொத்தனார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவனைக் கூட்டிவந்து வீட்டுக்குப் பின்னால் குழி தோண்ட விட்டேன். எட்டடி ஆழம், இரண்டு நாள் வேலை என்றான். ஆறடியில் கடப்பாரை டங்கென்றது.

"மச்சான், பலகை மாதிரி ஒரு கல்லு. மேல பூரா கோடு. யாரோ வேலை மெனக்கெட்டுக் கொத்தியிருக்கான்."

இறங்கிப் பார்த்தேன். மூன்றடி நீளம், இரண்டடி அகலம். முகம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதன்மேல் கோடுகள், எல்லாம் ஒரே திசையில். துணியில் கோடு போட்டே வாழ்க்கையை ஓட்டியவன் நான். கோட்டைப் பார்த்தால் போட்டவனைத் தெரியும். இதைப் போட்டவன் மகா கனமான ஆள், அவசரம் என்பதே இல்லாத ஆள். கல்லுக்குக் கீழே இருந்த அடுக்கில் சிப்பி சிப்பியாகக் கிடந்தது. கல்லுக்கு மேலே இருந்த அடுக்கில் மருந்துக்குக்கூட ஒரு சிப்பி இல்லை.

"ரெண்டு போடு போட்டா நாலு துண்டு. போடட்டா?" என்றான் கொத்தனார்.

அவனைப் போட விட்டிருக்க வேண்டும். ஆனால் குழி தோண்ட அனுமதி வாங்கிய படிவத்தை நான் முழுக்க வாசித்துத் தொலைத்திருந்தேன். பத்தொன்பதாம் வரி: வழக்கத்துக்கு மாறான கல், எலும்பு, சிப்பி கிடைத்தால் தொல்லுயிர்ப் பேரழிவுப் பதிவகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். கோடு, சிப்பி, அடுக்கு எல்லாவற்றையும் அளவெடுத்து எழுதினேன். பத்தொன்பதாம் வரியை வாசித்த முதல் மனிதன் நான்தான் என்று பிறகுதான் சொன்னார்கள்.

மறுநாளே இரண்டு வண்டிகளில் பதினோரு பேர் வந்திறங்கினார்கள். குழியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். இயக்குநர் குழியின் விளிம்பில் நின்று தொப்பியைக் கழற்றி, "இரண்டு நிமிடம் மௌனம்" என்றார்.

"யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"இறந்தவர்களுக்கு."

கொத்தனார் வெலவெலத்துப்போய் குழியை எட்டிப் பார்த்தான். இரண்டு நாளாக அதற்குள்தான் அவன் சோறு தின்றிருந்தான்.

மௌனம் முடிந்ததும் இயக்குநர் பேசினார். "அன்பார்ந்த பொதுமக்களே!" என்று ஆரம்பித்தார். பொதுமக்கள் என்று நானும் கொத்தனாரும் பக்கத்து வீட்டுக் கோழியும் இருந்தோம். "எங்கள் பதிவகம் தொடங்கி ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் எங்கள் அனுமதியின்றி ஒரு பேரழிவுகூட நடந்ததில்லை என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன். அதற்கு முன்னால் நடந்தவை, நாங்கள் பதியும்வரை நடந்தவையாகக் கருதப்படமாட்டா. ஒரு பேரழிவு, ஒரு காரணம், ஒரு கோப்பு. இதுவே எங்கள் கொள்கை. காரணம் பதிவாகும்வரை இந்தக் குழியில் ஒரு பிடி மண்ணையும் அசைக்கக் கூடாது."

கோழி போய்விட்டது. குழியை அசைக்காமல் கழிப்பறை கட்டுவது எப்படி என்று கேட்டேன். அது வேறு துறை என்றார்கள்.

எல்லோரும் குழிக்கு மேலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு அம்மா மட்டும் உள்ளே இறங்கியிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் நூல் கட்டி ஒரு லென்ஸ் தொங்கியது. பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியராம். கல்லின் கோட்டை லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, குழந்தையின் தலையைத் தடவுவது போல அந்தக் கல்லைத் தடவினார்.

"நாப்பத்தி நாலு கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்த இடம் ஆழமில்லாத கடல்" என்றார் என்னிடம். "சிப்பி, ஓட்டுப்பூச்சி, என்னென்னவோ குடியிருந்துச்சு. அப்பறம் பூமி குளிர்ந்து, பெரிய கண்டத்து மேல பனி ஏற ஆரம்பிச்சுது. கடல் தண்ணியெல்லாம் அங்க போய்ப் பனியா உக்காந்துட்டா கடல் என்னங்க ஆகும்?"

"வத்திப்போகும்."

"வத்திப்போச்சு. ஓரத்துல குடியிருந்ததுக்கெல்லாம் வீடே இல்ல. மிச்சம் குளிர்ல போச்சு. கடல்ல இருந்ததுல நூத்துக்கு எண்பத்தஞ்சு வகை காலி. அந்தப் பனிதான் இங்க வரைக்கும் நகர்ந்து வந்திருக்கு. அடியில மாட்டின கல்லுங்களை இழுத்துக்கிட்டே போயிருக்கு. அதான் இந்தக் கோடு."

"இஸ்திரிப் பெட்டி அடியில ஊசி மாட்டிக்கிட்டா துணியில ஒரே நேரா இழுக்குமே, அது மாதிரியா?"

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "பதினோரு வருஷமா ஆபீஸ்ல சொல்லிட்டிருக்கேன். ஒருத்தருக்கும் புரியல" என்றார்.

பிறகு சுவரில் இன்னொன்றையும் காட்டினார். கல்லுக்கு மேலே, மாவு போன்ற சேற்றடுக்கின் நடுவில், எலுமிச்சம்பழம் அளவில் ஓர் ஒற்றைக் கூழாங்கல். அதன் அடியில் அடுக்குகள் குழிந்திருந்தன. மிதந்து வந்த பனிக்கட்டி உருகி, தன்னிடமிருந்த கல்லைக் கீழே போட்டிருக்கிறது. மெத்தையில் எலுமிச்சம்பழம் விழுந்தால் எப்படிக் குழியுமோ அப்படி. எனக்கே உடம்பு சிலிர்த்தது. நாற்பத்து நான்கு கோடி வருடத்துக்கு முன்னால் விழுந்தது, இன்னும் விழுந்தபடியே இருக்கிறது!

"அப்போ பனிதான் காரணம்னு எழுதிட்டா குழியை விட்டுடுவாங்க இல்ல?" என்றேன்.

"அங்கதாங்க சிக்கல்" என்றார் லென்ஸ் அம்மா.

சிக்கலைப் பார்க்க மறுநாள் பதிவகத்துக்குப் போனேன். படிவத்தில் இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. எரிமலை. விண்கல். இதர. பனி வேண்டுமென்றால் இதரப் பிரிவு கையெழுத்திட வேண்டும். இதரப் பிரிவின் அதிகாரி ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. அவருடைய கோட்டு மட்டும் நாற்காலியின் முதுகில் தொங்கியது. காலர் வெட்டைப் பார்த்தாலே தெரிந்தது, அந்த மாதிரிக் காலரை நான் தைத்தே பதினைந்து வருடம் இருக்கும். என் கோப்பை அந்த நாற்காலியின்மேல் வைத்து, "அதிகாரியின் பார்வையில் உள்ளது" என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

நான் திருதிருவென்று விழிப்பதைக் கண்டு எரிமலைப் பிரிவுத் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இதரக்கிட்ட போனா உங்க பேரப்பிள்ளை காலத்துலயும் முடியாது. எங்க பிரிவுக்கு வாங்க. குழியில கொஞ்சம் சாம்பல் இருந்துச்சுன்னு எழுதினா நாளைக்கே விட்டுடலாம்."

"சாம்பல் இல்லீங்களே."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். "நல்ல சாம்பல். பழசு."

சத்தியமாகச் சொல்கிறேன், கை நீட்டினேன். எண்பத்தைந்து சதவீத உயிர்களைவிட எனக்கு என் மனைவி பெரிது. ஆனால் அதற்குள் விண்கல் பிரிவுத் தலைவர் பாய்ந்து வந்துவிட்டார். "இந்த வருஷம் நீங்க ஏற்கெனவே ரெண்டு பேரழிவு எடுத்துட்டீங்க! எங்களுக்கு ஒண்ணுகூட வரல!" என்று கத்திக்கொண்டே தன் பையிலிருந்து ஒரு கருப்புக் கோலியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். எரிமலை அதை எடுத்து வெளியே எறிந்தார். விண்கல் பொட்டலத்தைப் பிடுங்கினார். பொட்டலம் கிழிந்தது. ஐந்து நிமிடம் கழித்து இருவரும் தலை முதல் கால் வரை சாம்பலாக நின்று இருமினார்கள். அந்த அலுவலகத்தில் உண்மையாகவே எரிமலை வெடித்ததற்கான ஒரே சான்று அதுதான்.

லென்ஸ் அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

இதற்கிடையில் கல்லைக் குழியிலிருந்து எடுத்துக் கிடங்குக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கிடங்குக்காரர் சீட்டைப் பார்த்தார். "பனியுகச் சான்று" என்று இருந்தது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பனி சம்பந்தப்பட்ட எல்லாப் பொருளும் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட வேண்டும்.

"ஐயா, அது கல்லுங்க" என்றேன்.

"எல்லாரும் கொண்டுவரும்போது அப்படித்தான் சொல்வாங்க. உருகிப்போனா யாரு பதில் சொல்றது?"

அலுவலகத்தில் இருந்த ஒரே ஃப்ரீசரிலிருந்து ஊழியர்களின் ஐஸ்கிரீமையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு என் கல்லை உள்ளே படுக்க வைத்தார்கள். ஐஸ்கிரீம் அன்று மத்தியானமே உருகியது. கல்லுக்குத் தனியாக ஒரு பதிவேடு திறந்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு இருவர் ஃப்ரீசரைத் திறந்து பார்த்து, "இன்றும் உருகவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். விடுமுறை நாளில் மட்டும், "உருகியிருக்காது என நம்பப்படுகிறது."

ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. போனில் பேசினேன்.

"கூரை போட்டாச்சா?" என்றாள் மனைவி.

"இன்னும் குழியிலயே நிக்குது."

"ஏன்?"

"நாப்பத்தி நாலு கோடி வருஷத்துக்கு முன்னாடி பனி பிடிச்சிடுச்சாம். கடல் வத்தி எல்லாம் செத்துப்போச்சு."

"குடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள். தங்கைக்குப் போன் செய்து கட்டிலைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். போனை வைத்துவிட்டு, நடு அலுவலகம் என்றுகூடப் பார்க்காமல், "ஐயா, யாராவது ஒரு காரணத்தை எழுதுங்கய்யா!" என்று கத்தினேன்.

கத்தியது பலித்தது. பன்னிரண்டாம் நாள் விசாரணைக் கூட்டம் என்றார்கள். நீண்ட மேசை. முதலில் வழக்கம் போல இரண்டு நிமிடம் மௌனம். பிறகு நான்கு பேர் கல்லைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்கள். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாங்களும் உட்கார்ந்திருந்தோம். கல்லும் சும்மா கிடந்தது.

"குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் இயக்குநர். "பனி என்றால் உருகும். இந்தப் பொருளுக்கு உருகுவதற்கான எல்லா வாய்ப்பும் அளிக்கப்பட்டது. அது ஒத்துழைக்கவில்லை. எனவே இதில் பனிக்குச் சம்பந்தம் இல்லை."

"சார்!" லென்ஸ் அம்மா எழுந்துவிட்டார். "பனி உருகிப்போய் நாப்பத்தி நாலு கோடி வருஷம் ஆச்சு சார்! இது பனி இல்ல. பனி போன தடம்!"

"தடத்தை வைத்து முடிவெடுக்க நாம் என்ன போலீஸா? பனி நேரில் வரட்டும், பார்க்கலாம்." அவர் பேனாவைத் திறந்தார். "இறந்தவர்களின் வயது?"

"நாற்பத்து நான்கு கோடி" என்றார் எழுத்தர்.

"அப்புறம் என்ன கேள்வி? முதுமை. இயற்கை மரணம்."

எரிமலையும் விண்கல்லும் முதன்முறையாக ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். எனக்கோ குதிக்க வேண்டும் போலிருந்தது. காரணம் பதிவாகிவிட்டது! லென்ஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குதிக்க முடியவில்லை.

"இனி குழியில வேலை செய்யலாமுங்களா?" என்றேன்.

"தாராளமாக. இறந்தவர்களின் நெருங்கிய உறவினரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்து மட்டும் வாங்கி வாருங்கள்."

சிப்பியின் சொந்தக்காரரை நான் எங்கே போய்த் தேடுவேன்? அப்போதுதான் லென்ஸ் அம்மா, தோற்றுப்போன அந்த நிமிடத்திலும், எனக்காக வாயைத் திறந்தார்.

"சார், அன்னிக்கு மிஞ்சினது நூத்துக்குப் பதினஞ்சு வகை. இன்னிக்கு உலகத்துல உசுரோட இருக்கற மிருகம், மனுஷன் எல்லாம் மிஞ்சினதோட வம்சம்தான். அந்த முறையில இவரும் உறவினர்தான்."

இயக்குநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகச் சாயலைத் தேடினார் போலிருக்கிறது. "உறவு முறை?"

"தூரத்துச் சொந்தமுங்க. ரொம்பத் தூரம்."

"போக்குவரத்து உண்டா?"

"கடல் வத்தினதோட விட்டுப்போச்சுங்க."

படிவத்தைத் தள்ளினார். உறவு என்ற இடத்தில் பங்காளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் இன்னொரு தாளில் முத்திரை குத்தி என்னிடம் கொடுத்தார்: இறந்தோரின் உடைமைகள் வாரிசிடம் ஒப்படைக்கப்படுகின்றன. கல், ஒன்று.

வண்டியில் கல்லை ஏற்றும்போது லென்ஸ் அம்மாவும் கூட வந்து கை கொடுத்தார். "போட்டோ, அளவு, மண்ணு எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். கட்டுரை எழுதிட்டிருக்கேன். கல்லை மட்டும் உடைச்சிடாதீங்க" என்றார்.

"கோடு மேல பார்த்த மாதிரி கக்கூஸுக்கு வாசப்படியா போடறேங்க. எப்ப வேணா வந்து பாருங்க. உங்களைத் தவிர இந்தக் கல்லுக்கு யாரு இருக்கா?" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

பதின்மூன்றாம் நாளும் பதினான்காம் நாளும் கொத்தனார் மனிதனாக இல்லை, இயந்திரமாகிவிட்டான். குழியை முடித்து, செய்துவைத்த சிமெண்ட் உறைகளை இறக்கி, நான்கு சுவர் எழுப்பி, தகரக் கூரை போட்டான். நான் கலவை சுமந்தேன். அவள் வண்டியிலிருந்து இறங்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் முடுக்கிக்கொண்டிருந்தோம்.

கோலை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். கல்லின் மேல் ஒரு காலை வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். மறு காலையும் வைத்தாள்.

"வழுக்கவே இல்லையே. யாரு கொத்தினது?"

"பனிக்கட்டி" என்றேன்.

"அன்னிக்கே நினைச்சேன், குடிக்க ஆரம்பிச்சிட்டீங்கன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. கொத்தனார் தோளில் சாய்ந்து நான் அழுதுவிட்டேன். அவனும் அழுதான்.

மூன்று மாதம் ஓடியது. லென்ஸ் அம்மா வாரம் ஒருமுறை வந்து படியில் உட்கார்ந்து கோடு பார்ப்பார். என் மனைவி அவருக்குக் காப்பி கொடுப்பாள். ஒருநாள் அவருடைய கட்டுரையை ஏதோ வெளிநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். பத்திரிகையில் அவர் படம், என் படி, படிக்குப் பின்னால் கதவு, எல்லாம் வந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. பதினோரு பேர். கையில் ஒரு பலகை.

"அன்பார்ந்த பொதுமக்களே!" கோழிகூட இல்லை. நான் மட்டும் இருந்தேன். "பனியே காரணம் என்று எங்கள் பதிவகம் முதல் நாளிலிருந்தே உறுதியாக இருந்தது. வேறு எந்த நாட்டுப் பதிவகமாவது ஒரு கல்லை ஏழு நாள் ஃப்ரீசரில் வைத்துக் காத்ததுண்டா? அன்று இயற்கை மரணம் என்று எழுதினோம். பனி இயற்கை இல்லையா? எனவே நாங்கள் அன்றும் சரி, இன்றும் சரி. இந்தப் பலகை மாட்டப்படும் நேரம் முதல் இந்தப் படியில் எவரும் கால் வைக்கக் கூடாது. கதவு நிரந்தரமாகப் பூட்டப்படும்."

எனக்கு உயிரே போய்விட்டது. இருபத்தாறு படிகளும் கண் முன்னால் வந்தன. ஆணியும் சுத்தியலுமாக ஒருவர் முன்னால் போனார். கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தட்டினார்.

"ஆள் இருக்கு!" என்றாள் என் மனைவி, உள்ளிருந்து.

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, ஆள் புழங்காத இடத்தில் மட்டுமே பலகை மாட்டலாம் என்று ஈனக்குரலில் வாசித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் இயக்குநர் தொப்பியைக் கழற்றினார். உடனே மற்றவர்களும் தலை குனிந்தார்கள். இரண்டு நிமிடம் மௌனம். ஐந்து நிமிடமும் ஆயிற்று.

"அம்மா, எப்ப வருவீங்க?" என்றார் கடைசியில்.

"நீங்க எப்ப போவீங்க?"

"நாங்க நாளைக்கும் வருவோம்."

"நாளைக்கும் ஆள் இருக்கும்." பிறகு என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க, எத்தனை பேர் நிக்கறாங்க?"

"பதினொண்ணு."

"பதினொண்ணுதானா? தெருக்கோடியில இருபதுக்குக் குறைஞ்சு நான் ஒருநாளும் பார்த்ததில்ல. முப்பது வருஷம் நின்னிருக்கேன். வரிசையா நிக்கச் சொல்லுங்க."